பார்ட்டிஷன்: பிரிந்ததும் பிரித்ததும்

அண்மையில் ஒரு மொழிபெயர்ப்புத் தொகுப்பைப் படிக்க நேர்ந்தது. உருதுக் கதைகள் ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வந்தவை. மொழிபெயர்ப்பாளர் உழைத்திருக்கிறார், வாக்கியங்கள் தடையின்றி ஓடுகின்றன. ஆனால் ஆங்கிலத்தில் ‘பார்ட்டிஷன்’ என்று இருந்திருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் ‘பிரிவு’ என்றே எழுதியிருந்தார். ‘பிரிவுக்குப் பின்’, ‘பிரிவின்போது’, ‘பிரிவு அவரைப் பாதித்தது’ என்று போகிறது. படிக்கும்போது, லாகூரிலும் அமிர்தசரஸிலும் தலைவன் பொருள்வயிற் பிரிந்து போயிருக்கிறான், தலைவி வழிபார்த்துக் காத்திருக்கிறாள் என்பது போன்ற ஒரு மயக்கம் உண்டாகிறது. தமிழில் ‘பிரிவு’ என்றால் பாலைத் திணைதான் முதலில் நினைவுக்கு வரும். அது அந்தச் சொல்லின் பிழையன்று. இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் அதற்கு ஊட்டிய பொருள் அது.

இதை ஒரு மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடலாம். ஆனால் ‘பார்ட்டிஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் பொதுவாக ஆளும் முறையிலேயே ஒரு சிக்கல் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பாடநூல்களில், செய்தித்தாள்களில், நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்களின் எழுத்திலும் கூட. அதைப் பற்றிச் சில கருத்துகளை இங்கே முன்வைக்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். இலத்தீனில் ‘பார்ஸ்’ என்றால் பகுதி. அதிலிருந்து பகுத்தல் என்னும் வினை, அதிலிருந்து ‘பார்ட்டிஷன்’. உரோமாபுரியின் சொற்பொழிவுக் கலையில் கூட இதற்கு ஓர் இடம் உண்டு: பேச்சாளர் தன் வழக்கை எந்தெந்தக் கூறுகளாகப் பிரித்துப் பேசப்போகிறார் என்று முன்கூட்டி அறிவிக்கும் பகுதிக்கு இந்தப் பெயர்தான். ஆங்கிலத்தில் இச்சொல் இரண்டு இடங்களில் நன்றாக வேரூன்றியது. ஒன்று, சொத்தைப் பங்கிடுவது. மற்றொன்று, ஓர் அறையை இரண்டாக்கும் தடுப்பு. இந்த இரண்டாவது பொருளில் இச்சொல் தமிழ்ப் பேச்சிலும் வந்து குடியேறிவிட்டது. ‘நடுவில் ஒரு பார்ட்டிஷன் போட்டால் இரண்டு ரூம் ஆகிவிடும்’ என்று தச்சரிடம் சொல்லாத வீட்டுக்காரர் உண்டா? பிளைவுட்டும் நான்கு சட்டங்களும் போதும். வேண்டாம் என்றால் கழற்றி மாடியில் போட்டுவிடலாம். கணினிக்காரர்களும் வன்தட்டுக்கு ‘பார்ட்டிஷன்’ போடுகிறார்கள்.

சொத்துப் பொருளுக்கு நம்மிடம் சொந்தச் சொல் உண்டு: பாகப்பிரிவினை. 1893-ஆம் ஆண்டின் பார்ட்டிஷன் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் கூட ‘பாகப்பிரிவினைப் பத்திரம்’ என்பதை அறிவார்கள். 1959-இல் பீம்சிங் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்து வெளிவந்த படத்துக்கு அதுதான் பெயர். அந்தத் தலைப்பை எவருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

இங்கேதான் நான் சொல்ல வந்தது தொடங்குகிறது. இந்திய அரசியலில் ‘பார்ட்டிஷன்’ என்ற சொல் புழங்கியபோது, அது சொத்து வழக்கின் வாசனையோடுதான் வந்தது. பேசியவர்களில் பாதிப் பேர் வழக்கறிஞர்கள். ஜின்னா, காந்தி, நேரு, பட்டேல், லியாகத் அலி கான் எல்லோருமே சட்டம் படித்தவர்கள். எல்லைக் கோட்டை வரைய வந்த சிரில் ராட்கிளிஃப்பும் இங்கிலாந்தின் பெயர்பெற்ற வழக்கறிஞர்தான். 1947 ஜூலை 8 அன்று முதன்முறையாக இந்தியாவில் கால் வைத்தார். பஞ்சாபையும் வங்காளத்தையும் அளந்து கோடு போட அவருக்கு ஐந்து வாரம். நம் ஊர் உரிமையியல் நீதிமன்றம் ஒரு வீட்டைப் பிரிக்க அனுப்பும் அட்வகேட் கமிஷனரை நினைத்துக்கொள்ளுங்கள். அவராவது வாய்க்காலையும் வரப்பையும் நடந்து பார்ப்பார். இரு தரப்பும் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே கூட நடக்கும். ராட்கிளிஃப் பெரும்பாலும் வரைபடங்களையும் மக்கள்தொகைக் கணக்கையும் வைத்துக்கொண்டு வேலையை முடித்தார். சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 17 அன்றுதான் கோடு வெளியிடப்பட்டது. அந்த இரண்டு நாளும் தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று உறுதியாகத் தெரியாமல் கொடியேற்றிய ஊர்கள் இருந்தன. டபிள்யூ. எச். ஆடன் 1966-இல் ராட்கிளிஃப்பை வைத்து எழுதிய கவிதைக்குத் தலைப்பே ‘பார்ட்டிஷன்’.

பாகப்பிரிவினைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. மிதாட்சர முறையில் கூட்டுக் குடும்பத்துப் பங்காளிகளில் எவரேனும் ஒருவர் ‘பிரித்துக் கொடு’ என்று கேட்டால் போதும். மற்றவர்கள் விரும்பவில்லை என்பது தடையாகாது. 1947 ஜூன் 3 திட்டத்தைப் படிக்கும்போது எனக்கு இந்த விதிதான் நினைவுக்கு வருகிறது. பஞ்சாப், வங்காளச் சட்டமன்றங்கள் ஒவ்வொன்றும் முஸ்லிம் பெரும்பான்மை மாவட்டங்கள், ஏனைய மாவட்டங்கள் என்று இரண்டு பகுதிகளாக அமர்ந்து வாக்களிக்க வேண்டும். இரண்டில் ஏதேனும் ஒரு பகுதியின் பெரும்பான்மை ‘பிரிக்கலாம்’ என்றால் மாகாணம் பிரிக்கப்படும். ஜூன் 20 அன்று வங்காளத்தில் நடந்த வாக்கெடுப்பில் கிழக்குப் பகுதி உறுப்பினர்கள் 106-க்கு 35 என்று பிரிக்கக் கூடாதென்றார்கள். மேற்குப் பகுதி உறுப்பினர்கள் 58-க்கு 21 என்று பிரிக்க வேண்டுமென்றார்கள். மாகாணம் பிரிக்கப்பட்டது. வாக்களித்த உறுப்பினர்களும் சொத்தையும் படிப்பையும் வைத்து வரம்பிடப்பட்ட வாக்குரிமையால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே.

இந்தக் கணக்கைத் தமிழ் வாசகர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். காரணம், தமிழில் நாம் எழுதும் வாக்கியம் இது: ‘1947-இல் இந்தியாவிலிருந்து பாகிஸ்தான் பிரிந்தது.’

‘பிரிந்தது’ என்பது தன்வினை. பிரிந்து போகிறவர் ஒருவர், இருந்த இடத்திலேயே இருப்பவர் மற்றொருவர். முழுப் பொறுப்பும் போகிறவர் தலையில் ஏறிவிடுகிறது. ‘பார்ட்டிஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லில் இந்த வசதி கிடையாது. அதன் வினை பிறவினை. யாரோ ஒருவர் எதையோ பகுக்கிறார். வெட்டுபவர் ஒருவர், வெட்டப்படுவது ஒன்று. ஒரு பகுதி தானாக விலகிச் செல்வதற்கு ஆங்கிலத்தில் ‘செசெஷன்’ என்ற வேறு சொல் இருக்கிறது. தமிழில் இவ்விரண்டுக்கும் ‘பிரிவினை’ ஒன்றுதான். வங்கப் பிரிவினை என்கிறோம். இந்திய-பாகிஸ்தான் பிரிவினை என்கிறோம். பிரிவினைவாதி என்று வசைபாடவும் அதே சொல்லை எடுத்துக்கொள்கிறோம். 1963-இல் அரசியல் சட்டத்தின் பதினாறாவது திருத்தம் வந்தபோது அதற்குத் தமிழில் வழங்கிய பெயர் பிரிவினைத் தடைச் சட்டம். திராவிட நாட்டுக் கோரிக்கையைத் தி.மு.க. கைவிட்டது அந்தச் சூழலில்தான். ஆகவே தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு ‘பிரிவினை’ என்றால் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்பது என்றே காதில் விழுந்தது. இலங்கையிலும் இதே கதைதான். கேட்டவர்கள் ‘தனிநாடு’ என்றார்கள், மறுத்தவர்கள் ‘பிரிவினை’ என்றார்கள். இந்தச் சுமை ஏறிய சொல்லால் 1947-ஐக் குறிக்கும்போது, அந்த நிகழ்ச்சி தன்னையறியாமல் ‘பாகிஸ்தான் கேட்ட தவறு’ என்று சுருங்கிவிடுகிறது.

உண்மையில் நடந்தது அவ்வளவு எளிதன்று. பஞ்சாபும் வங்காளமும் முழுமையாகத் தனக்கு வேண்டும் என்பதே ஜின்னாவின் கோரிக்கை. அவற்றை வெட்டிக் கொடுத்தால் அது பூச்சி அரித்த பாகிஸ்தான் என்று அவர் வெறுத்துப் பேசியது பலரும் அறிந்தது. பஞ்சாபைப் பிரிக்க வேண்டும் என்று 1947 மார்ச்சில் தீர்மானம் போட்டது காங்கிரஸ் காரியக் கமிட்டி. முஸ்லிம் பெரும்பான்மை மாவட்டங்களில் பொது வாக்கெடுப்பு என்ற திட்டத்தை 1944-இலேயே முன்வைத்தவர் நம் ராஜாஜி. அதற்காக அவர் கட்சிக்குள் வாங்கிய ஏச்சு கொஞ்சமன்று. யார் சரி, யார் தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் இதை எழுதவில்லை. நாட்டைப் பிரிக்கச் சொன்னவர்களும், மாகாணத்தைப் பிரிக்கச் சொன்னவர்களும், அவசரமாகக் கோடு போட்டவர்களும் என மூன்று தரப்புகள் இருக்கும் ஒரு நிகழ்ச்சியை ‘பிரிந்தது’ என்ற ஒற்றைத் தன்வினை விழுங்கிவிடுகிறது என்பதுதான் என் புகார்.

சட்டத்தின் மொழியும் ‘பிரிந்தது’ என்பதை ஆதரிக்கவில்லை. 1947-ஆம் ஆண்டின் இந்திய சுதந்திரச் சட்டத்தின்படி, இந்தியாவில் இரண்டு டொமினியன்கள் அமைக்கப்படுகின்றன. ஒன்றுக்கு இந்தியா என்றும் மற்றொன்றுக்குப் பாகிஸ்தான் என்றும் பெயர். அதாவது பழைய இந்தியா என்ற வீட்டுக்குள் இரண்டு புதிய வீடுகள், அவற்றுள் ஒன்று பழைய பெயரையே வைத்துக்கொண்டது. ஜின்னாவுக்கு இது பிடிக்கவில்லை. ‘ஹிந்துஸ்தான்’ என்று வைத்துக்கொள்ளாமல் ‘இந்தியா’ என்று வைத்துக்கொண்டது குழப்பம் உண்டாக்கும் என்று மவுண்ட்பேட்டனுக்கு எழுதினார். ஐக்கிய நாடுகள் அவையோ இந்தியாவைப் பழைய உறுப்பினராகவே தொடரவிட்டு, பாகிஸ்தானைப் புதிய நாடாக 1947 செப்டம்பர் 30 அன்று சேர்த்துக்கொண்டது. எனவே ‘பிரிந்தது’ என்ற வினைக்கு உலக அரங்கில் ஓர் ஆதாரம் இருக்கத்தான் செய்கிறது. மறைப்பானேன். ஆனால் லாகூரிலிருந்து கிளம்பிய ஓர் இந்துக் குடும்பத்துக்கும், அமிர்தசரஸிலிருந்து கிளம்பிய ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கும் ஐக்கிய நாடுகள் அவையின் உறுப்பினர் பட்டியலால் ஆவது என்ன?

பிற மொழிகள் இதை எப்படிச் சொல்கின்றன என்று பார்ப்பது பயனுள்ளது. வங்காளிகள் ஒரே நூற்றாண்டில் இரண்டு முறை பிரிக்கப்பட்டவர்கள். 1905 அக்டோபர் 16 அன்று கர்சன் பிரபு செய்ததற்கு அவர்கள் வைத்த பெயர் ‘வங்க பங்கம்’. பங்கம் என்றால் உடைவு, சிதைவு. ‘மானபங்கம்’ என்பதில் வருகிறதே, அதே பங்கம். எதிர்ப்பு கிளம்பியது, சுதேசி இயக்கம் பிறந்தது, அதன் அலை தூத்துக்குடி வரை வந்து 1906-இல் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியாக நிமிர்ந்தது. 1911-இல் பிரிட்டிஷ் அரசு அந்தப் பிரிவினையைத் திரும்பப் பெற்றது. 1947-இல் நடந்ததற்கு அதே வங்காளிகள் வைத்த பெயர் ‘தேச பாக்’. பாகம் என்றால் பங்கு. முதல் முறை உடைந்தது என்றவர்கள் இரண்டாம் முறை பங்கிடப்பட்டது என்கிறார்கள். முதலாவதில் வெட்டியவன் வெளியாள். இரண்டாவதில் தங்கள் கையும் அரிவாளின் பிடியில் இருந்தது என்பதை அந்த மொழி ஒப்புக்கொள்வதாக நான் இதைப் படித்துக்கொள்கிறேன். இது என் ஊகம்தான். ஆனால் இரண்டு சொற்களும் வேறு வேறாக இருப்பது ஊகமன்று.

இந்தியில் பேச்சுவழக்கில் ‘பட்வாரா’. அண்ணன் தம்பி வீட்டையும் நிலத்தையும் பங்கிட்டுக்கொள்வதற்கும் அதுதான் சொல். ஏட்டு வழக்கில் ‘விபாஜன்’. 2021-இல் மத்திய அரசு ஆகஸ்டு 14-ஐ நினைவு நாளாக அறிவித்தபோது ‘விபாஜன் விபீஷிகா’ என்று கனமான வடமொழியைத் தேர்ந்தெடுத்தது. உருதுவில் ‘தக்ஸீம்’; பள்ளிக்கூடத்து வகுத்தல் கணக்குக்கும் அதுவே பெயர். அரபியிலிருந்து வந்த சொல். 1947 நவம்பர் 29 அன்று பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானம் ஐக்கிய நாடுகள் அவையில் 33-க்கு 13 என்று நிறைவேறியதே, அதை அரபியர் இன்றும் ‘தக்ஸீம்’ தீர்மானம் என்றே குறிக்கிறார்கள். அன்று எதிர்த்து வாக்களித்த பதின்மூன்றில் இந்தியாவும் உண்டு, பாகிஸ்தானும் உண்டு. மூன்று மாதத்துக்கு முன் பிரிக்கப்பட்ட இரண்டு நாடுகள், காஷ்மீரில் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, இன்னொருவர் வீட்டைப் பிரிக்க வேண்டாம் என்று ஒரே பக்கம் கை தூக்கின.

பதினெட்டாம் நூற்றாண்டில் போலந்து மூன்று முறை பிரிக்கப்பட்டது: 1772, 1793, 1795. மூன்றாவது முறைக்குப் பின் நாடே இல்லை. ஆங்கில வரலாற்று நூல்கள் இதற்கும் ‘பார்ட்டிஷன்’ என்றே எழுதுகின்றன. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூவரும் பங்குதாரர்கள், போலந்து சொத்து. இங்கே அந்தச் சொல் கொடூரமானதுதான், ஆனால் நேர்மையானது. கேக்கைத் துண்டு போட்டவர்கள் யார், கேக் எது என்பதில் ஐயமில்லை. 1947-இல்தான் சொல் நம்மை ஏமாற்றுகிறது. காங்கிரஸும் லீகும் பங்காளிகள் என்றால் சொத்து எது? நிலமா? நிலத்தின் மேல் வாழ்ந்த மக்களா?

இந்தக் கேள்வி வெறும் சொல் விளையாட்டன்று. அன்றைய அதிகாரிகள் உண்மையாகவே சொத்து வழக்கைத்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள். பங்கீட்டுக் குழு ஒன்று அமைந்தது. எச். எம். பட்டேலும் சௌத்ரி முகம்மது அலியும் உட்கார்ந்து மேசை, நாற்காலி, தட்டச்சுப் பொறி என்று கணக்குப் பார்த்தார்கள். அசையும் சொத்தில் பாகிஸ்தானுக்கு 17.5 விழுக்காடு, இந்தியாவுக்கு 82.5 விழுக்காடு என்று முடிவாயிற்று. ரொக்கக் கையிருப்பில் பாகிஸ்தானின் பங்கு 75 கோடி ரூபாய்; 20 கோடி கொடுத்தாயிற்று, மீதி 55 கோடியைக் காஷ்மீர்ப் போரைக் காட்டி இந்தியா நிறுத்தி வைத்தது. காந்தி 1948 ஜனவரி 13 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார். இரண்டு நாளில் பணத்தை விடுவிக்க முடிவெடுத்தார்கள். இதையும் அவர்மேல் ஒரு குற்றமாகச் சாட்டினார்கள் அவரைக் கொன்றவர்கள். பாகப்பிரிவினையில் பாக்கி வைக்கக் கூடாது என்று சொன்ன ஒரு பெரியவருக்கு நேர்ந்த கதி என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

இதைவிடக் கொடியது வேறொன்று. கலவரத்தில் இரு பக்கமும் ஆயிரக்கணக்கான பெண்கள் கடத்தப்பட்டார்கள். 1947 டிசம்பரில் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1949-இல் இந்தியா ஒரு சட்டமே இயற்றியது. ‘கடத்தப்பட்டோரை மீட்டுத் திரும்ப ஒப்படைத்தல்’ என்பது அதன் பெயரின் பொருள். பதினாறு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளும், எந்த வயதுப் பெண்ணும் அதற்குள் அடக்கம். அந்தப் பெண் இங்கேயே ஒரு வாழ்க்கை அமைத்துக்கொண்டு, குழந்தை பெற்று, ‘நான் போக மாட்டேன்’ என்று சொன்னாலும் அவள் சொல் எடுபடவில்லை. திருட்டுப் போன நகையை மீட்டு உரியவரிடம் ஒப்படைப்பதற்கும் இதற்கும் சொல் அளவில் வேறுபாடே இல்லை. ஊர்வசி புட்டாலியாவும், ரிது மேனன், கமலா பஸின் ஆகியோரும் 1998-இல் வெளியான தங்கள் நூல்களில் இந்தப் பெண்களைத் தேடிப் போய்ப் பேசியிருக்கிறார்கள். அமிர்தா ப்ரீதம் இதே பொருளை ‘பிஞ்சர்’ நாவலில் 1950-இலேயே எழுதிவிட்டார் என்பது, வரலாற்றாசிரியர்களுக்கு முன்பே எழுத்தாளர் போய்ச் சேர்ந்துவிடுகிறார் என்பதற்கு ஒரு சான்று.

மண்ட்டோவின் ‘டோபா டேக் சிங்’ கதையின் கூர்மையும் இந்தப் பங்கீட்டுக் கணக்கில்தான் இருக்கிறது. நாற்காலியைப் பங்கிட்டாயிற்று, கைதிகளைப் பங்கிட்டாயிற்று, மனநோய் விடுதியில் இருப்பவர்கள் மட்டும் பாக்கி. அவர்களையும் மதவாரியாகப் பங்கிடுவோம் என்கிறது அரசு. இது கற்பனையன்று, 1950-இல் அப்படி ஒரு பரிமாற்றம் நடந்தது. பிஷன் சிங் கேட்பது ஒரே கேள்வி: என் ஊர் எங்கே இருக்கிறது? எந்தப் பங்கிலும் சேராமல், இரண்டு கம்பிவேலிக்கும் நடுவே விழுந்து கிடக்கிறார். தமிழில் இந்தக் கதையைப் படித்த நண்பர்கள் பலர் இதை ‘மனிதாபிமானக் கதை’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். மனிதாபிமானம் இருக்கட்டும், அது முதலில் ஒரு சொல்லின் மீது எழுதப்பட்ட அங்கதம்.

இனி நம் பக்கம் வருவோம். தமிழில் வேறு சொல் இல்லையா? இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்வும் இருக்கிறது. ‘துண்டாடல்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது ஓர் உடலை முன்கூட்டியே கற்பித்துக்கொள்கிறது. பாரத மாதா என்ற படம் பின்னால் தொங்குகிறது. அந்தப் படத்தை ஏற்பவர்களுக்கு அது பொருந்தும், எனக்குத் தயக்கம். ‘பகுப்பு’ நல்ல சொல். பகு என்னும் வேர் தமிழில் மிக ஆழமானது. பகுதி, பகுத்தறிவு, வள்ளுவர் ஆளும் ‘பாத்தூண்’ எல்லாம் அங்கிருந்து வருபவை. பகை என்பதையும் அதோடு சேர்த்துப் பார்க்கும் அறிஞர்கள் உண்டு. ஒரே வேரிலிருந்து பகிர்ந்துண்பதும் பகைத்துக்கொள்வதும் கிளைக்கிறது என்றால் அதைவிடப் பொருத்தமான வேர் இந்த நிகழ்ச்சிக்குக் கிடைக்குமா? ஆனால் ‘இந்தியப் பகுப்பு’ என்று எழுதினால் ஏதோ நூலகத்து நூற்பகுப்பு என்றுதான் வாசகர் நினைப்பார். ‘பிரிப்பு’ என்றொரு சொல் இருக்கிறது. மாவட்டப் பிரிப்பு, மாநிலப் பிரிப்பு என்று அரசாங்கத் தமிழில் நன்கு பழகியது. பிறவினைப் பெயர், பிரிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதை ஒளிக்கவில்லை. இலக்கணப்படி ‘பார்ட்டிஷன்’ என்பதற்கு மிக நெருங்கியது இதுதான். ஆனால் அலுவலகக் கோப்பின் மணம் வீசுகிறது.

‘கூறுபோடுதல்’ என்பதை நான் பரிந்துரைப்பேன், குறைந்தபட்சம் கதைகளில். நாட்டைக் கூறுபோட்டுவிட்டார்கள் என்று எழுத்தறியாத பாட்டியும் சொல்வாள். மீன் சந்தையில் கூறு கட்டி வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு, செத்த உடலும் விலையும் அளவும் ஒரே சொல்லில் கண்முன் வந்து நிற்கும். உருதுக் கதையில் ஒரு கிழவர் பேசும்போது ‘பிரிவினைக்குப் பின்’ என்று பாடநூல் தமிழ் பேசுவதைக் காட்டிலும் ‘நாட்டைக் கூறுபோட்ட பிறகு’ என்பது அவர் வாயில் இயல்பாக இருக்கும்.

கட்டுரைகளுக்குப் ‘பிரிவினை’ இருந்துவிட்டுப் போகட்டும். ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்கி எறியும் தனித்தமிழ் வீரம் எனக்கில்லை. வினையை மட்டும் கவனித்தால் போதும். ‘இந்தியா பிரிக்கப்பட்டது’, ‘பஞ்சாபும் வங்காளமும் பிரிக்கப்பட்டன’ என்று எழுதுங்கள். 1971-இல் நடந்ததை வேண்டுமானால் ‘பாகிஸ்தானிலிருந்து வங்கதேசம் பிரிந்தது’ என்று எழுதலாம். அங்கே உண்மையாகவே ஒரு பகுதி விலகிப் போயிற்று. அங்கும் வங்கதேசத்தார் ‘முக்தி’ என்றுதான் சொல்வார்கள், பிரிவு என்று சொல்ல மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சிந்து மாகாணத்துக்கு இந்தச் சொற்கள் எதுவுமே பொருந்தாது. அதன் நடுவே கோடு விழவில்லை. மாகாணம் அப்படியே முழுதாகப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. பஞ்சாபிகளுக்கு ஒரு பஞ்சாபும் வங்காளிகளுக்கு ஒரு வங்காளமும் இந்தியாவில் மிஞ்சின. சிந்தி இந்துக்களுக்குச் சிந்து என்று ஒரு பிடி மண்ணும் மிஞ்சவில்லை. தம் மொழி பேசும் மாநிலம் என்று ஒன்று இல்லாமல் அவர்கள் மும்பைக்கு அருகே உல்லாஸ்நகர் முகாமிலும் மற்ற நகரங்களிலும் சிதறிக் குடியேறினார்கள். ‘பார்ட்டிஷன்’ என்று அவர்களும் சொல்கிறார்கள். எதுவும் பிரிக்கப்படாமலே எல்லாம் போய்விட்டதைச் சொல்ல அவர்களுக்கு வேறு ஆங்கிலச் சொல் கிடைக்கவில்லை.

தமிழருக்கு இந்தத் துயரம் செய்தியாகவே வந்தது என்பதால்தான் நம் சொல் இப்படித் தட்டையாக இருக்கிறதோ என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கலாம். தமிழில் அக்காலத்துக்கு மிக அருகே சென்ற நாவல் அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’, 1977-இல் வந்தது. அதுவும் பஞ்சாபையன்று, 1948 செப்டம்பரில் இந்திய இராணுவம் நுழைந்த ஹைதராபாத்தைப் பற்றியது. அங்கே கோடு எதுவும் வரையப்படவில்லை. ஆனால் அந்த நாவலின் கடைசிப் பக்கங்களைப் படித்தவர்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரன் திடீரென்று அயலானாவது எப்படி இருக்கும் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. அந்த மனிதர் தம் வழக்கப்படி பெரிய சொல் எதையும் தூக்கி நிறுத்தாமல், அந்தப் பையன் பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மொழிபெயர்ப்பாளர்கள் அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கடைசியாக ஒரு சொல் பாக்கி இருக்கிறது. பஞ்சாபிக் கிராமத்து முதியவர்கள் 1947-ஐப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் பிரிவினை என்ற பொருளுடைய ‘வண்ட்’ என்ற சொல்லைக் கூடச் சொல்வதில்லை, ‘ரௌலா’ என்கிறார்கள். கூச்சல், அமளி என்று பொருள். ‘ரௌலா நடந்த வருஷம்’ என்று கணக்குச் சொல்வார்கள். கோடு, பங்கு, சட்டம், மாநாடு எதுவும் அதில் இல்லை. காதில் விழுந்த சத்தம் மட்டும் இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்புகளில் இது பெரும்பாலும் ‘பார்ட்டிஷன்’ என்று ஆகிவிடுகிறது, அங்கிருந்து தமிழுக்கு வரும்போது ‘பிரிவினை’. நேரடியாகப் பஞ்சாபியிலிருந்து யாரேனும் மொழிபெயர்த்தால், ‘களேபரம்’ என்று போடலாம். பேச்சுவழக்கில் அதற்கு இன்று அமளி என்றுதான் பொருள். பழைய அகராதியைத் திறந்தால் முதலில் உடம்பு, அடுத்து பிணம் என்று இருக்கும்.